ஐம்பது துளைப் பலகை

என் மனைவியின் மூளையில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்த ஏழு மாதமும் நான் ஒரு தபாலுக்காகக் காத்திருந்தேன். துவக்கு லைசென்ஸ் புதுப்பித்து வரவேண்டிய தபால். அது கையில் கிடைக்கும் வரைக்கும் அவளை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று இழுத்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

லண்டனில் ஒரு தமிழன் துவக்கு வைத்திருக்கிறேன் என்று சொன்னால் சனம் ஒரு மாதிரிப் பார்க்கும். அவன் மன்னாரில் இருந்து வந்தவன் என்றால் இன்னும் ஒரு மாதிரிப் பார்க்கும். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது ஒருவர் கேட்டே விட்டார்: "அங்க கேட்ட வெடி காணாதெண்டோ இஞ்ச வந்து சுடுறீர்?" நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் கேள்வி பிழையில்லை. ஊரில் எல்லாப் பக்கத்தாரிடமும் துவக்கு இருந்தது, என்னிடம் மட்டும் இல்லை. சத்தம் கேட்டால் நிலத்தில் விழுந்து படுப்பதுதான் என் வேலை. இங்கே பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த காலத்தில், கூட வேலை செய்த ஒருவன் என்னை எசெக்ஸ் பக்கத்தில் இருக்கும் சுடும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். முதல் வெடி வைத்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. இந்தச் சத்தம் எப்போது வரும் என்பதை முடிவு செய்வது நான். அந்த ஒரு விஷயத்துக்காகவே அடுத்த கிழமையும் போனேன், அதற்கடுத்த கிழமையும் போனேன்.

நான் பைத்தியமாக இருந்த தோட்டா மேக்னம் வகை. ரிவால்வருக்கு என்றே அமெரிக்காவில் செய்தது. இந்த நாட்டில் அந்த ரிவால்வரை வீட்டில் வைத்திருக்க விடமாட்டார்கள். ஆனால் அதே தோட்டாவைச் சுடும் நீளத் துவக்கு ஒன்று இருக்கிறது. கௌபாய் படங்களில் குதிரையில் இருந்துகொண்டு கீழ்ப்பிடியை இழுத்து இழுத்துச் சுடுவார்களே, அது. லைசென்ஸ் இருந்தால் அதை வைத்திருக்கலாம். ஆகவே ரிவால்வர் தோட்டாவில் இவ்வளவு ஆசை வைத்த நான் வாழ்க்கையில் ஒரு ரிவால்வரையும் கையில் பிடித்ததில்லை. என் ஆசைகள் எல்லாம் இந்த மாதிரித்தான், சுற்றி வளைத்துத்தான் வீட்டுக்கு வரும்.

சுடுவதை விட எனக்குப் பிடித்தது தோட்டா செய்வது. கடையில் வாங்குகிற தோட்டா தோளில் குதிரை மாதிரி உதைக்கும். நாமே செய்தால் நமக்கு ஏற்ற அளவில் செய்துகொள்ளலாம். இல்ஃபோர்டில் எங்கள் வீட்டின் மேல்மாடியில், பிள்ளை இருந்திருந்தால் பிள்ளைக்குப் போயிருக்கும் சின்ன அறை, அதில்தான் என் பட்டறை. மேசையில் முறுக்கிப் பூட்டிய ஒரு கைப்பிடிப் பிரஸ். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து கழுவி, அமத்தி அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் பொறி கொடுக்கும் புதுப் பிரைமர் வைத்து, வெடிமருந்து அளந்து போட்டு, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்தினால் தோட்டா. ஒவ்வொரு முறையும் செய்த திகதியும் அளவும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். டிப்போவில் பழகிய பழக்கம்.

இந்தத் தோட்டாவுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. கோது பெரியது, நான் போடும் வெடிமருந்தோ கொஞ்சம். கோதின் அடியில் மட்டும்தான் கிடக்கும். அதனால் மறந்துபோய் ஒரே கோதுக்கு இரண்டு தரம் போட்டாலும் வழியாது. ஒரு தரமும் போடாமல் விட்டாலும் வெளியில் தெரியாது. மேலே குண்டை அழுத்திவிட்டால் நல்லதும் கெட்டதும் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டு தரம் போட்டது துவக்கை உடைத்து முகத்தில் எறியும். போடாமல் விட்டது, பிரைமரின் பொறியில் மட்டும் குண்டைத் தள்ளி, குழலின் நடுவில் கொண்டுபோய் இறுக்கிவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் அதுவும் முகத்துக்குத்தான். ஆகவே குண்டு வைக்கும் முன்னர் ஒவ்வொரு கோதுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும், பஞ்சிப்படாமல், அலுக்காமல். அதற்காகக் கோதுகளை நிறுத்தி வைக்க ஒரு பலகை செய்திருந்தேன். ஒரு வரிசையில் பத்துத் துளை, மொத்தம் ஐந்து வரிசை.

என் மனைவி முதல் இரண்டு வருடம் அந்த அறைப் பக்கமே வரவில்லை. துவக்கு என்ற சொல்லே வீட்டில் கேட்கக்கூடாது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட வந்தவள், கதவடியில் நின்று நான் டோர்ச் அடிப்பதைப் பார்த்தாள்.

"உப்பிடித்தான் பாக்கிறனீங்களோ? ஓடுற பஸ்ஸில ஆக்களை எண்ணுற மாதிரி?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். வெடிச்சா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு திரியிறது நான். ஆரும் ஒராள் ஆறுதலாப் பாக்கோணும். தள்ளுங்கோ."

"தொடக்கூடாது."

"தொடேல்லை. பாக்கிறது மட்டும்."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பலகையைப் பார்த்தாள். விரலை வைக்காமல் காற்றில் எண்ணினாள். "அஞ்சு பத்து, ஐம்பது. இது செபமாலை எல்லோ!" என்றாள். அன்று தொடங்கியதுதான். ஒரு கோதுக்குள் டோர்ச் அடித்து, மாதாவுக்கு ஒரு மங்கள வார்த்தை செபத்தை முழுக்கச் சொல்லி முடிக்கும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அடுத்த கோது, அடுத்த செபம். ஒரு வரிசை முடிந்தால் கண்ணை எடுத்து, நிமிர்ந்து ஒரு பரலோக மந்திரம். பிறகு அடுத்த வரிசை. அவ்வளவு நேரம் ஒரு ஓட்டைக்குள் பார்த்தால் உள்ளே என்ன கிடக்கிறது என்பது எந்தக் கண்ணுக்கும் தப்பாது. நான் பகிடி பண்ணினேன்.

"கோயில் சாமியாரிட்டக் கேட்டனீரோ? துவக்குக்குச் செபம் சொல்லலாமோ?"

"துவக்குக்கு ஆர் சொன்னது? நான் உங்கட மூஞ்சைக்குச் சொல்லுறன்."

ஒன்பது வருடம் அப்படிப் பார்த்தாள். அதில் மூன்று தரம் என் பிழையைப் பிடித்தாள். வெறுங்கோதைக் கண்டால் "இஞ்ச ஒண்டு பட்டினி" என்பாள். இரண்டு தரம் விழுந்ததைக் கண்டால் "இது ரெண்டு தரம் சாப்பிட்டிட்டுது" என்பாள். நான் அவளின் இடது பக்கத்தில் பிரஸ்ஸடியில் நின்று அடுத்த ஐம்பதுக்குப் பிரைமர் வைத்துக்கொண்டிருப்பேன். வெளியே எலிசபெத் லைன் ரயில் போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பியானோ பழகும், ஒரே பாட்டை ஒரே இடத்தில் பிழைவிட்டு. எங்களுக்குள் பெரிய கதை ஒன்றும் இருக்காது. நாங்கள் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று யாராவது கேட்டால் எனக்கு வேறு பதில் இல்லை.

அவளின் செபம் வரிசைக்கு எட்டாகக் குறைந்ததை நான் கேட்ட நாள் கொப்பியில் இருக்கிறது. இலையுதிர் காலம். நான் எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, ஒன்பது வருடம் கேட்ட காது தானாக எண்ணியது. எட்டுச் செபம் சொல்லிவிட்டு நிமிர்ந்து பரலோக மந்திரத்துக்குப் போய்விட்டாள். அடுத்த வரிசையிலும் எட்டு.

"என்னப்பா, மாதாவுக்கு டிஸ்கவுண்டோ?"

அவள் திடுக்கிட்டாள். "எப்ப வந்தனீங்கள்?" என்றாள். நான் அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

"எட்டுத்தான் சொன்னீர்."

"பத்தும் சொன்னனான். காதைக் கழுவுங்கோ."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஐம்பதுக்கும் குண்டு வைத்து, பலகையில் இருந்த ஒழுங்கிலேயே பெட்டியில் அடுக்கினேன். என் பெட்டியிலும் பத்துப் பத்தாக ஐந்து வரிசை.

அடுத்த ஞாயிறு கிளப்பில் முதல் வரிசையை வலப் பக்கத்தில் இருந்து சுட்டுக்கொண்டு வந்தேன். அந்த வரிசையின் கடைசித் தோட்டாவில் வெடிச் சத்தத்துக்குப் பதிலாகப் "பொத்" என்று ஒன்று கேட்டது, தண்ணீர்ப் போத்தல் மூடி திறந்த மாதிரி. கை பழக்கத்தில் கீழ்ப்பிடியை இழுத்து இரண்டாம் வரிசையின் முதல் தோட்டாவை ஏற்றிவிட்டது. விசையில் விரல் போகிற நேரம் பக்கத்தில் நின்றவர் கத்தினார்.

"சுடாதீங்க அண்ணே! நிறுத்துங்க, நிறுத்துங்க!"

அவர் மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், கட்டிட அளவையாளர் வேலை. கிளப்பில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழர். அவர் துவக்கை என் கையில் இருந்து மெதுவாக வாங்கி, தோட்டாவை வெளியே எடுத்து, குழலுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். கம்பி பாதியில் நின்றது. குண்டு அங்கே இறுகிக் கிடந்தது. "உங்க வீட்டம்மா பாத்ததுதானே?" என்று கேட்டார். அவருக்கு எங்கள் செபமாலைக் கதை தெரியும்.

வீட்டுக்கு வந்து மிச்சம் நாற்பதையும் ஒவ்வொன்றாகக் குண்டு கழற்றிப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் இடப்பக்க முதலாவது, இரண்டு தரம் சாப்பிட்டது. கிளப்பில் பட்டினி கிடந்தது முதல் வரிசையின் இடப்பக்க முதலாவது. பிழை என்னுடையது, இரண்டையும் அப்படிப் போட்டது நான். ஆனால் நான் கத்தியது அவள் மேல்.

"என்ன பாத்தனீர்? இண்டைக்கு என்ர கண் போயிருக்கும்!"

அவள் பலகையைப் பார்த்தபடி நின்றாள். "எல்லாத்துக்குள்ளயும் பாத்தனான்," என்றாள். "சத்தியமாப் பாத்தனான் அப்பா." அழவில்லை. அழுதிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன்.

இரண்டும் இடது ஓரம் என்பதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முப்பது வருடம் பஸ் எஞ்சினில் பிழை தேடியவன் நான். அதை வைத்து நான் என்ன முடிவுக்கு வந்தேன்? வெளிச்சம் காணாது என்று. விளக்கை இடப் பக்கம் மாற்றிப் பூட்டினேன். புது டோர்ச் வாங்கிக் கொடுத்தேன். என் மூளையின் அழகு அது.

அதன் பிறகு வரிசையாக வந்தது. சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றின் இடப் பக்கம் அப்படியே இருக்கும். நான் அப்டன் பார்க்கில் தேடி வாங்கிய விளைமீனைத் தொட்டிருக்கவே மாட்டாள். "மீன் சரியில்லையோ?" என்றால் "மீன் எங்க வைச்சனீங்கள்?" என்பாள். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வாள். இடது கால் செருப்பு கழன்றது தெரியாமல் ஒரு கால் செருப்போடு மாடிப்படி ஏறுவாள். கடைத்தெருவில் ஆட்களை இடித்துவிட்டு அவர்கள்தான் இடித்தார்கள் என்று கோபப்படுவாள். பேச்சும் குறைந்துவிட்டது. ஜன்னலடியில் சும்மா இருப்பாள்.

அந்த வருட ஆரம்பத்தில் ஊரில் இருந்த அவளின் தங்கை இறந்துபோயிருந்தாள். அடக்கத்துக்கு இவளால் போக முடியவில்லை. அதனால் நான் நினைத்தது ஒன்றே ஒன்று: மனச்சோர்வு. அந்தச் சொல்தான் என்னைப் பிடித்து ஆட்டியது. ஏனென்றால் கிளப்பில் தேநீர் குடிக்கும் இடத்தில் மலேசியக்காரர் ஒரு கதை சொல்லியிருந்தார். பழைய மெம்பர் ஒருவரின் மனைவிக்கு டொக்டர் மனச்சோர்வு என்று எழுதி மருந்து கொடுத்தாராம். அடுத்த மாதமே பொலிஸ் வந்து அவர் வீட்டு அலுமாரியைத் திறந்து துவக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். "வீட்டுல யாருக்கு இருந்தாலும் அப்படித்தான் அண்ணே," என்றார். உண்மையோ பொய்யோ, எனக்குத் தெரியாது. என் லைசென்ஸ் முடிய அப்போது சில மாதம்தான் இருந்தது. புதுப்பிக்க என் டொக்டரும் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். எனக்கும் அவளுக்கும் ஒரே டொக்டர், ஒரே கம்ப்யூட்டர். லைசென்ஸ் வரட்டும், பிறகு கூட்டிக்கொண்டு போவோம் என்று முடிவு செய்தேன். முடிவு என்று கூடச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் இன்றைக்கு இல்லை என்று விட்டேன், அவ்வளவுதான். கண் பரிசோதிக்கும் கடைக்குக் கூடக் கூட்டிப் போகவில்லை. அங்கே போனாலும் கடிதம் டொக்டருக்குத்தானே போகும்.

அவளே கேட்டாள். தை மாதக் குளிரில் ஒரு காலை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு சொன்னாள்.

"என்னப்பா, எனக்கு என்னவோ செய்யுது. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவமே?"

"ஓம். அப்பொயின்ட்மென்ட் எடுக்கிறன்."

இந்த நாட்டில் டொக்டருக்கு அப்பொயின்ட்மென்ட் எடுப்பது எல்லாருக்கும் தெரிந்த பாடு. காலை எட்டு மணிக்குச் சரியாகப் போன் அடிக்க வேண்டும், எட்டு ஐந்துக்கு எல்லாம் முடிந்துவிடும். லைன் கிடைக்கவில்லை என்று சொன்னால் நம்பாதவன் ஒருவனும் இல்லை. நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து, ஒருவருக்கும் அடிக்காத போனைக் காதில் வைத்திருப்பேன். குசினியில் சமைத்தபடி அவள் கேட்பாள்.

"லைன் கிடைச்சுதோ?"

"இல்லை. எங்கேஜ்."

"பரவாயில்லை. நாளைக்குப் பாப்பம்."

எத்தனை காலை இப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை மட்டும் நான் எழுத மாட்டேன்.

மாசியில் பொலிஸ் லைசென்ஸ் பிரிவில் இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். நல்ல மனுசி. சுவரில் பூட்டியிருந்த அலுமாரியை ஆட்டிப் பார்த்தாள், துவக்கின் இலக்கத்தைச் சரிபார்த்தாள், பூட்டுத் திறப்பு எங்கே இருக்கும் என்று கேட்டாள். மேலறைக்கும் போய்ப் பலகையைப் பார்த்து, இவ்வளவு துப்புரவாக வைத்திருக்கிறீர்கள் என்று புகழ்ந்தாள். கீழே வந்து உட்கார்ந்தோம். அப்போது என் மனைவி தேநீர்த் தட்டோடு வந்தாள். வரும்போது இடது தோள் கதவு நிலையில் அடிபட்டது. தட்டுச் சரிந்து தேநீர் முழுக்கக் கம்பளத்தில் ஊற்றியது. அந்தப் பெண் எழும்பிப் போய் அவளைப் பிடித்து, உங்களுக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டில் எல்லாரும் சுகம்தானே என்றாள்.

சொல்வதற்குக் கதவு திறந்து கிடந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"நல்ல சுகம். கண்ணாடி மாத்தவேணும், அதுதான்," என்றேன் ஆங்கிலத்தில். என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "யெஸ், யெஸ், கிளாஸஸ்," என்றாள்.

சனிக்கிழமைச் செபத்தை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏதோ இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அவள் உட்கார்ந்து டோர்ச் அடிப்பாள். வரிசைக்கு ஏழு, பிறகு ஆறு. அவள் கீழே இறங்கிப் போன பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு ஐம்பதையும் திரும்பப் பார்ப்பேன். அதாவது, அவளின் கண்ணை நான் நம்பவில்லை. என் முகத்துக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்பதில் மட்டும் வலு கவனமாக இருந்திருக்கிறேன். இதை நினைக்கும்போது எனக்கு என்னில் அருவருப்பாக இருக்கிறது.

சித்திரை பிறக்கிற நேரம் லைசென்ஸ் வந்தது. ஐந்து வருடத்துக்கு. மாடிப்படியில் நின்றே உறையைக் கிழித்துப் பார்த்துவிட்டு மடித்து சேட்டுப் பொக்கற்றில் வைத்தேன். அவள் குசினியில் இருந்தாள், காணவில்லை. அவளுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, முதல் தடவையாக, உண்மையாகவே டொக்டரின் இலக்கத்தை அடித்தேன். மூன்றாவது தரம் மணி அடித்ததும் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே வரச் சொன்னார்கள்.

டொக்டர் இளம் பெண். என் மனைவியின் இரு பக்கமும் தன் விரல்களை அசைத்து, எது அசைகிறது என்று கேட்டாள். இடது பக்க விரல் அசைந்ததை அவள் காணவே இல்லை. டொக்டர் ஒரு தாளைக் கொடுத்து மணிக்கூடு ஒன்று வரையச் சொன்னாள். என் மனைவி அழகாக வட்டம் போட்டாள். பன்னிரண்டு இலக்கத்தையும் வலது பாதிக்குள் நெருக்கி எழுதினாள். இடது பாதி வெறுமையாகக் கிடந்தது. வரைந்து முடித்து, சரியோ என்று கேட்பது போல் டொக்டரைப் பார்த்தாள். டொக்டர் அப்போதே போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தாள்.

ஸ்கானில் மூளையின் வலது பக்கத்தில் கட்டி. பெரிசு. அங்கே இருந்தால் உலகத்தின் இடது பக்கம் இல்லாமல் போய்விடுமாம். பார்வை மங்குவதில்லை, அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் இருக்காதாம். ஆகவே அவள் பொய் சொல்லவில்லை. எட்டைப் பார்த்தபோது அவளுக்கு இருந்தது எட்டுத்தான், அதைப் பத்து என்று முழு மனதோடு சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரி டொக்டர் எப்போது தொடங்கியது என்று கேட்டார். திகதி என் கொப்பியில் இருந்தது, வெடிமருந்தின் அளவோடு. "இப்ப கிட்டடியில்," என்றேன்.

பிறகு தனியாகப் போய் ஒரு கேள்வி கேட்டேன். ஆறு ஏழு மாதம் முன்னர் வந்திருந்தால்? அவர் யோசித்தார். வெட்டி எடுக்கக்கூடிய அளவில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், இப்போது ஒருவராலும் சொல்ல முடியாது என்றார். என்னை ஆறுதல்படுத்தச் சொன்னார் போல. அவர் "இல்லை" என்று சொல்லியிருந்தால் ஒரு மாதிரி. "ஓம்" என்று சொல்லியிருந்தால் இன்னொரு மாதிரி. இரண்டும் இல்லாமல் என்னை நடுவில் விட்டுவிட்டுப் போனார். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறேன்.

மூளையில் கட்டி என்று முன்னமே எழுதியிருந்தால் ஒரு பொலிஸும் என் அலுமாரியைத் தொட்டிருக்க மாட்டாது. கட்டிக்கும் லைசென்ஸுக்கும் என்ன சம்பந்தம்? நான் ஒளித்தது இல்லாத ஒரு நோயை.

மலேசியக்காரரிடம் சொன்னேன், கட்டி என்று மட்டும். "கடவுளே. முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே லா," என்றார் வாய் தவறி, பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். துவக்கையும் மிச்சத் தோட்டாக்களையும் அவரோடு போய்க் கடைக்காரரிடம் ஒப்படைத்தேன். லைசென்ஸைத் திருப்பி அனுப்பினேன். அதற்காக ஏழு மாதம் காத்திருந்தவன், ஆறு கிழமை கூட வைத்திருக்கவில்லை. பிரஸ்ஸை மட்டும் மேசையில் இருந்து கழற்றவில்லை. ஸ்பேனர் எடுத்துக்கொண்டு மேலே போவேன், கதிரையைக் காண்பேன், இறங்கி வந்துவிடுவேன்.

கடைசி மாதம் அவளை மரணப் படுக்கையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்துக்கு மாற்றினார்கள். நல்ல வெளிச்சமான அறை. நான் பகல் முழுவதும் அவளின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு நாள் பிற்பகல் மலேசியக்காரர் பூவோடு வந்து கட்டிலின் மற்றப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"அவர் எங்க? இண்டைக்கு வரேல்லையோ?"

நான் அவளின் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலையில் இருந்து.

"அண்ணே, இந்தப் பக்கம் வாங்க," என்றார் அவர் மெதுவாக, கதிரையை விட்டு எழும்பி. நான் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலப் பக்கம் போய்க் குனிந்தேன். அவளின் முகம் வெளித்தது. மருந்து மயக்கத்தில் அவள் எங்கள் வீட்டுக் குசினியில், தை மாதத்தில் நின்றுகொண்டிருந்தாள் போல.

"வந்திட்டீங்களே. லைன் கிடைச்சுதோ?"

"ஓம்," என்றேன். "லைன் கிடைச்சிட்டுது. டொக்டர் வரச் சொல்லிப்போட்டார். போவம், என்ன?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கோதுக்குள் பார்க்கும் பார்வை அது, ஒரு செபம் முடியும் வரைக்கும்.

"அப்ப உங்கட பேப்பர் வந்திட்டுதோ?"

"ஓம்," என்றேன்.

"நல்லம்," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மாடிப்படியில் இருந்த ஒவ்வொரு காலையும் தெரிந்திருக்கிறது. அந்த லைசென்ஸ் பெண் முன் "யெஸ், கிளாஸஸ்" என்று சொன்னபோதும் தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். எனக்காகத் தானும் காத்திருந்திருக்கிறாள்.

"எந்தப் பேப்பர் அண்ணே?" என்று மலேசியக்காரர் கேட்டார்.

நான் அவளின் வலது கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.